பின்கட்டிலிருந்து படித்தால்

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்த மறுநாள் 'செட்டிநாட்டு வீடுகள்' என்பது சுற்றுலாக்காரர்களின் வழக்கமான திட்டம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று ஊர் ஊராகப் போகும் அந்தப் பயணத்தையே ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கலாம். அது யாருடைய கதையைச் சொல்கிறது? எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

கதை எங்கும் ஒன்றுதான். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுவர், ஆத்தங்குடிக் கல். கடல் கடந்து பொருள் ஈட்டிய செட்டியார் ஊருக்குத் திரும்பி வீடு கட்டினார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பொருள்கள் வந்த துறைமுகங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் இருந்தவர்களுக்கு மட்டும் பெயர் இல்லை.

ஆண்கள் பெரும்பாலும் அங்கே இல்லை. ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் வட்டிக்கடை நடத்தப் போனவர்களின் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். இந்தப் பெரிய வீடுகளை நடத்தியது, கணக்குப் பார்த்தது, சடங்குகளைத் தவறாமல் செய்தது எல்லாம் ஆச்சிகள். 'செட்டியார் வீடு' என்ற பெயரை ஏற்கும்போதே இந்த நிர்வாகம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

வீட்டின் அமைப்பும் இதைச் சொல்லும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லைவாசல் என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெரு வரை நீளும் வீடு. முகப்பு விருந்தினருக்கும் வியாபாரத்துக்கும். உள்ளே போகப் போகப் பெண்களின் இடம். சுற்றுலா பெரும்பாலும் வளவோடு திரும்பிவிடுகிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகளைக் காட்டிக் 'கூட்டுக்குடும்பம்' என்று வழிகாட்டி சொல்வார். அது பாதி உண்மைதான். திருமணமான மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். கூரை ஒன்று, அடுப்புகள் பல. ஒவ்வொரு இணைக்கும் தனி அறை, தனிச் சமையல், தனிச் செலவுக் கணக்கு. அந்தச் சின்னக் குடும்பத்தின் கணக்கை வைத்திருந்தவள் மருமகள்தான். நெகிழ வைக்கும் ஒற்றுமைப் படத்துக்கு இந்தக் கணக்கு இடைஞ்சல் என்பதாலேயே அதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

அடுத்து, சொத்து. வீடு மகன்களின் வழி போகும். மகள் கொண்டுபோவது சீர்: நகை, வெள்ளி, பித்தளை, எனாமல், அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். அவை அவளுடையவை. யூகோ நிஷிமுரா 1998இல் வெளியிட்ட நூல் நகரத்தார் பெண்களின் சொத்துரிமையையும் உறவுமுறையையும் சேர்த்தே பேசியது தற்செயல் அல்ல. இந்தச் சமூகத்தில் ஒன்றை விட்டு மற்றதைப் பேச முடியாது. இன்று அந்தப் பாத்திரங்கள் எங்கே? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பெயர்த்தெடுத்த தூண்களுக்கும் கதவுகளுக்கும் பக்கத்தில். பயணத்தின் கடைசி நிறுத்தமும் அங்கேதான். ஒரு பெண்ணின் சீர் அங்கே 'ஆன்டிக்' ஆகிவிடுகிறது. எந்த வீட்டு மகள், எந்த வீட்டு மருமகள் என்ற கேள்வியே விலையில் கரைந்துபோகிறது.

தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்த திருத்தங்கள் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தன. இவ்வீடுகள் பெரும்பாலும் அதற்கு முன்பே பங்காளிகளின் கணக்கில் பிரிந்திருந்தன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது அவை தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகளாகவே பெயர் பெற்றன. வணிகர் என்றவுடன் மனத்தில் எழுவது ஆணின் உருவம்தான்.

அல்ஜீரியாவின் கபீலிய பெர்பர் மலைக்கிராம வீட்டைப் பற்றிப் பியர் பூர்தியு எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அங்கே வெளி ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு என்று கோடு வாசலில் விழுகிறது. செட்டிநாட்டிலோ கோடு வீட்டுக்குள்ளேயே, கட்டுக்குக் கட்டு நகர்கிறது. கபீலியச் சுவர்களை மெழுகிக் கோலமிட்டவர்கள் பெண்கள் என்பது இன்று அந்த மரபின் பெருமையாகப் பேசப்படுகிறது. நம் பக்கத்தில் சுவரின் பளபளப்புக்கு வெள்ளைக்கருவைச் சொல்கிறோம். மண்ணும் கல்லும் சுமந்த சித்தாளைச் சொல்வதில்லை. கொல்லைவாசல் வழியாக வந்து பாத்திரம் துலக்கியவளையும் சொல்வதில்லை. ஆச்சியை மீட்டெடுக்கும் வாசிப்பு இவளை விட்டுவிட்டால் அது பின்கட்டுவரை வந்து, பின்வாசலைப் பார்க்காமல் திரும்பிய வாசிப்பு.

இந்த மரபைப் பதிவு செய்ததிலும் பெண்களின் பங்கு பெரிது. 2000இல் வெளிவந்த 'தி செட்டியார் ஹெரிடேஜ்' நூலை எஸ். முத்தையாவுடன் சேர்ந்து எழுதியவர்கள் மீனாட்சி மெய்யப்பன், விசாலாட்சி ராமசாமி. பனையோலைக் கொட்டான் முடைவதை மறுபடி ஒரு தொழிலாக்கியதில் விசாலாட்சியின் அறக்கட்டளைக்கு முக்கிய இடம் உண்டு. முடைபவர்கள் பெண்கள்.

அடுத்த முறை கல்லூரிப் பயணமாகப் போகும் மாணவிகள் வழிகாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது? இந்த அண்டா யார் சீரில் வந்தது? பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது, அதன் வழியாக யார் வந்தார்கள்? பதில் தெரியாது என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை. கேள்வி எழுந்த பிறகு வளவோடு திரும்புவது அவருக்கும் எளிதாக இருக்காது.