எம்பி4 ஆக்குவது: ஊற்றுவதா, மறுபடி காய்ச்சுவதா?

பழைய கேம்கார்டர் ஃபைலை எம்பி4 ஆக்குவது எப்படி என்று தேடினால் வரும் கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. மென்பொருளை இறக்கு, ஃபைலை இழுத்துப் போடு, பட்டனை அமுக்கு, முடிஞ்சது. 'தரம் குறையாது' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். எனக்குப் புகாரே அந்த வரி மேலதான்.

'கன்வெர்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. சாம்பாரை ஒரு தூக்குவாளியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது ஒன்று. தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வைப்பது இன்னொன்று. சோனியும் பானசோனிக்கும் 2006-ல் அறிவித்த ஏவிசிஎச்டி முறையில் கேமரா எழுதும் எம்டிஎஸ் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காட்சி ஏற்கெனவே எச்.264. பெரும்பாலான எம்பி4 ஃபைல்களில் இருப்பதும் அதேதான். பாத்திரம்தான் வேறு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியிடம் 'காபி' என்று சொன்னால், ஒரு புள்ளிகூட மாறாமல் சில நிமிஷத்தில் எம்பி4 கைக்கு வந்துவிடும். ஒலி டால்பி ஏசி-3 ஆக இருந்தால் சில போன்களில் ஊமைப்படமாகும். ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கினால் போதும்.

ஹேண்ட்பிரேக் நல்ல கருவி, இலவசமும்கூட. ஆனா அதுக்கு ஊற்றத் தெரியாது, எப்பவும் காய்ச்சத்தான் செய்யும். அதையே எல்லாத்துக்கும் மருந்தாகப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

டிவிடி கதை வேறு. உள்ளே ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் துண்டு துண்டாக விஓபி ஃபைல்கள், காட்சி எம்பெக்-2. பல போன்கள் அதைத் தொடாது. அதனால இங்கே காய்ச்சித்தான் ஆகணும். எப்படிக் காய்ச்சுகிறோம் என்பதுதான் கேள்வி.

நம்மூர் டிவிடி பால் முறை: 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம். ஆனால் அந்தக்காலக் கேம்கார்டரில் எடுத்திருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் அடுத்தடுத்த இரண்டு கணங்கள் பின்னிக் கிடக்கும். ஒற்றை வரிகளில் ஒரு கணம், இரட்டை வரிகளில் இன்னொன்று. ஆக நொடிக்கு 50 கணங்கள். அப்படியே மாற்றினால் ஆட்டும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதைச் சரிசெய்கிறேன் என்று பல கருவிகள் 25 பிரேமில் நிறுத்திவிடுகின்றன. கோடு போகும், கூடவே பாதி அசைவும் போகும். யாடிஃப், பிடபிள்யூடிஃப் வடிகட்டிகளில் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பிரேம் என்று கேட்டால் 50-ம் கிடைக்கும். ஃபைல் பெருக்கும், பெருக்கட்டும்.

இது வெறும் நுணுக்கம் பேசுற ஆசை இல்ல. எங்கள் அத்தை நடந்து வருவதைக் காட்டும் காட்சி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான், ஒரு வீட்டு விசேஷ டிவிடியில். ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினோம். 4:3 படத்தை அகலத்திரைக்கு இழுத்திருந்தார்கள், அத்தை இரண்டு சுற்று பெருத்துவிட்டார். நடை விட்டு விட்டு வெட்டியது. அதுக்கு மேல 'ஃபுல் எச்டி'ன்னு 1080-க்கு ஊதிப் பெருக்கி வேற. இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது, ஃபைலின் எடைதான் கூடும். தட்டு எங்களிடமே இருந்ததால் திரும்பச் செய்ய முடிந்தது.

அதற்காக 'மூலத்தைத் தொடாதே, எம்டிஎஸ் ஆகவே வை' என்கிற சேகரிப்பாளர்கள் கட்சியும் எனக்கு ஒப்பு இல்லை. அம்மாவின் போனில் ஓடாத வீடியோவை அம்மா பார்க்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. எடுத்த தேதியும் நேரமும் பல எம்டிஎஸ் ஃபைல்களில் காட்சி ஓடைக்குள்ளேயே புதைந்திருக்கும். எக்ஸிஃப்டூல் அதைப் படித்துக் காட்டும். மறுபடி காய்ச்சினால் அது பொதுவாகக் காணாமல் போகும். பிறகு போனில் 2009-ன் பிறந்தநாள் இந்த வருஷ வீடியோவாக வரிசையில் நிற்கும்.

ஆக எம்பி4 என்பது பார்ப்பதற்கான பிரதி. மூலம் தனி. எழுதிய தட்டுகள் காலப்போக்கில் கெடும், அதனால் மாற்றும் வேலைக்கு முன்னாலேயே ஒவ்வொரு தட்டையும் முழுசாக ஐஎஸ்ஓ பிரதி எடுத்துவிடுங்கள். சாதாரண டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிபி. வீட்டில் 40 தட்டு இருந்தாலும் 190 ஜிபிக்குள் முடிந்துவிடும்.