பிரம்பும் உபதேசமும்

பிரம்பை ஒதுக்கிவைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற சொல்லை வேதாகம வசனமென்றே நம்புவோர் இன்றும் உளர்; அதை அந்த வடிவில் பிரசித்தப்படுத்தியவரோ, 17-ஆம் நூற்றாண்டில் 'ஹூடிபிராஸ்' என்னும் அங்கத காவியத்தை இயற்றிய சாமுவேல் பட்லர் என்ற ஆங்கிலக் கவி, அதுவும் காதலைப் பரிகசிக்கும் ஒரு சந்தர்ப்பத்தில். வேதாகமத்தின் நீதிமொழிகள் நூலில் அக்கருத்தே இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் 915 வசனங்கள் கொண்ட அந்நூலில் பிள்ளையையும் பிரம்பையும் சேர்த்துப் பேசுபவை ஐந்தே என்பதையும், அவற்றுள் 23-ஆம் அதிகாரத்து இரண்டு வசனங்கள், நைல் நதியின் எலிபன்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சுவடியிலுள்ள அகிகார் என்னும் ஞானியின் அரமேய மொழிகளைப் பெரிதும் ஒத்திருப்பதையும் நோக்குவோர்க்கு, அது இஸ்ரவேலருக்கே உரிய கட்டளையன்று, பண்டைக் கீழ்த்திசை ஞான இலக்கியம் முழுவதற்கும் பொதுவான சம்பிரதாயம் என்பது விளங்கும். அவ்வதிகாரத்தின் முற்பகுதி எகிப்திய ஆமெனெமோப்பேயின் உபதேசத்தோடு நெருங்கியிருப்பதை ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன் 1924-இல் எடுத்துக்காட்டியதும் இங்கு நினைக்கத்தக்கது.

மூலத்தில் பிரம்பைக் குறிக்கும் 'ஷேவெத்' என்ற எபிரேயச் சொல்லே 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனின் கோலாகி ஆறுதல் தருகிறது. ஆகவே அது அடிப்பதற்கன்று, வழிகாட்டுவதற்கே என்று வாதிப்பாரும் உண்டு; அடிப்பதைப் பற்றி நீதிமொழிகள் ஒளிவுமறைவின்றிப் பேசுகையில், அவ்வாதம் எனக்குச் சாதுரியமாகத் தோன்றுகிறதேயன்றிச் சரியாகத் தோன்றவில்லை. இதைவிடப் பயனுள்ளது 'மூஸார்' என்ற சொல்லின் ஆராய்ச்சி. போதனை, கண்டிப்பு, தண்டனை மூன்றையும் ஒருங்கே சுமக்கும் அச்சொல்லுக்குத் தமிழ் வேதாகமம் சில இடங்களில் 'சிட்சை' என்று அமைத்தது அபூர்வமான பொருத்தம். கல்வியென்று பொருள்படும் 'சிக்ஷா'விலிருந்து பிறந்து தண்டனையென்ற பொருளையும் ஏற்றுக்கொண்ட சொல்லன்றோ அது! நூறு அடி மூடனிடம் செய்வதைக் காட்டிலும் ஒரு கண்டனம் புத்திமானிடம் அதிகம் செய்யும் என்று அந்நூலே 17-ஆம் அதிகாரத்தில் கூறுவதைப் பிரம்பின் பக்ஷத்தார் எடுத்தோதுவது அரிது.

வியாக்கியானகர்த்தர்கள் ஒருமுகமாக இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் சபைப்பிதா கிறிசோஸ்தோம், அடியின் அச்சம் பிள்ளைக்கு இருக்கட்டும், அடி வேண்டாம், பழகிய அடியை அவன் அலட்சியம் செய்யக் கற்றுக்கொள்வான் என்ற அபிப்பிராயம் உடையவர். பிள்ளையை அவன் நடக்கவேண்டிய வழியிலே நடத்தச் சொல்வதாக நாம் வாசிக்கும் 22-ஆம் அதிகாரத்து ஆறாம் வசனமோ, மூலத்தில் 'அவனுடைய வழியின்படி' என்றே நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வில்னா நகரத்து ரபி எலியா அவ்வழியைப் பிள்ளையின் சுபாவமென்றே கொண்டார்.

எனினும் நூலின் தொடக்க அதிகாரங்களில் திரும்பத்திரும்ப ஒலிப்பது 'என் மகனே' என்ற விளியே. தந்தையின் வாக்கோடு தாயின் போதகமும் முதல் அதிகாரத்திலேயே சேர்ந்து நிற்கிறது. கடைசி அதிகாரத்தில், லேமுவேல் ராஜனின் தாய் தன் மகனை ஒருமுறைக்கு மூன்றுமுறை அழைத்து, மதுவை விலக்கவும், வாய்பேச இயலாதவனுக்காக வாய்திறக்கவும் சொல்லுகிறாள்.