முகத்தைவிடப் பெரிய கை

திருவண்ணாமலையிலிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே பிள்ளைகள் ஒரு சிற்பத் தோட்டம் செய்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடி விழப்போவது என் முதுகில் இல்லை, ஓவிய வாத்தியார் முதுகில். அவர் பகுதிநேர ஆசிரியர். வாரத்துக்கு மூணு அரைநாள் வேலை. சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், பக்கத்துக் காலனிக்காரர்.

சிற்பம் என்றதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கோயில்தான் ஞாபகம் வரும். 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கோயிலுக்குள் வல்லாள மகாராஜா கோபுரத்தில் ராஜாவுக்குச் சிலை இருக்கிறது. கல் பிளந்தவனுக்கு இல்லை, அது தெரிந்த கதை. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் ஜனங்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30இல், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. சிலையைக் கிட்டப்போய்ப் பார்க்கவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. செய்வதைப் பற்றி யார் பேசினார்கள்? அதனால்தான் பதினோரு சிமெண்ட் சிலைகளுக்கு ஒரு விமர்சனம் எழுதுகிறேன். "பசங்க செஞ்சதுக்குப் போயி விமர்சனமா" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வேலை முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்புக்கு முறுக்குக் கம்பி. அதைச் சுற்றிக் கோழிவலை. வலையின்மேல் சிமெண்டும் மணலும், ஒன்றுக்கு மூன்று. ஏழு நாள் ஈரச்சாக்கு. கம்பி கட்டுவதும் கலவை போடுவதும் கொத்தனார், சித்தாள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாடத்தில் பின்பெஞ்சில் கிடந்தவன் இங்கே முன்னால் நின்றான். முதல் ரேங்க் பையன் அவனிடம் "தண்ணி போதுமாடா" என்று கேட்டுக்கினு இருந்தான் என்று வாத்தியார் சொன்னார். கல்லில் செய்தால்தான் சிற்பம் என்கிற நினைப்பு இந்த ஊருக்கு இன்னும் போகவில்லை. இதே திருவண்ணாமலையில் பிறந்து, இதே சென்னைக் கல்லூரியில் படித்த பெனிதா பெர்சியால் 2014 கொச்சி பினாலேவில் குங்கிலியமும் வாசனைச் சரக்குகளும் கலந்து உருவங்கள் வார்த்து வைத்தார். பிள்ளைகளுக்கு அது தெரியாது. கைக்குக் கிடைத்தது சிமெண்ட், எடுத்துக்கொண்டார்கள்.

இனி சிலைகள். பதினொன்றில் ஏழு செத்தவை. மான், மயில், வள்ளுவர், ராக்கெட்டோடு கலாம் என்று வரிசையாக நிற்கின்றன. காலண்டரிலிருந்து இறங்கி வந்து சிமெண்டில் ஒட்டிக்கொண்டவை. குடம் சுமக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாரப்பத்திரிகை அட்டையின் இடுப்பு அவளுக்கு. குடம் தூக்கி அவளுக்கு ஒருநாளும் நோவு கண்டதில்லை. ஆனால் அவளுக்கு அடுத்தே ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் செய்த நடவுக்காரி நிற்கிறாள். குனிந்த முதுகும் வரிந்து கட்டிய புடவையும்தான். முகம் இல்லை. ஏம்மா மூஞ்சி வைக்கல என்று கேட்டேன். "நாத்து நடறப்ப மூஞ்சி எங்க சார் தெரியும்?" என்றது ஒரு பெண். நாள்பூரா அம்மாவைப் பின்னாலிருந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

பதினோராவது, பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்தது. குத்துக்காலிட்ட கிழவர். ஓட்டுச் சில்லுகளைச் சிவப்பாகப் பதித்து நெருப்பு. அதற்கு மேலே சாய்த்துப் பிடித்த பறை. தோலைக் காய்ச்சுகிறார். அடிகுச்சியும் சிண்டுகுச்சியும் மடியில். இரண்டு கையும் முகத்தைவிடப் பெரிசு.

பார்க்க வந்த ஒரு ஸ்தபதி "அளவு தப்பு" என்றாராம். அவர் படிப்புப்படி தப்புதான். சிற்ப சாஸ்திரத்தில் தாலம் என்பது கையளவு. முகத்தின் நீளமும் அதே. இந்த அளவால்தான் உடம்பையே எண்ணுகிறார்கள். பெரிய தெய்வத்துக்குப் பத்துத் தாலம், மனுசனுக்கு எட்டு, குள்ள பூதங்களுக்கு நாலு. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி இன்றைக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தருகிறது. கணக்கு அழகானது, நான் மறுக்கவில்லை. ஆனால் உடம்புகளுக்குப் படிநிலை வைத்த பிறகுதான் அது உளியை எடுக்கிறது. பையன் அந்தக் கணக்கை எதிர்த்துச் செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நெருப்புக்குப் பக்கத்தில் தாத்தா கை பெரிசாகத்தான் தெரிந்தது என்கிறான்.

வாத்தியார் படித்த சென்னைக் கல்லூரி வேறு மரபு. 1850இல் வெள்ளைக்கார டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. அங்கே நெடுங்காலம் முதல்வராயிருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். நரம்பு, தசை எல்லாம் அபாரம். எனக்குப் பிடித்த சிலை. ஆனாலும் ஒவ்வொரு முறை கடற்கரைக்குப் போகும்போதும் உறுத்தும்: அந்த நாலு பேருக்கும் சேரி கிடையாது, வீடு கிடையாது, பேர் கிடையாது. 'உழைப்பு' என்று ஒன்றாகிவிட்டார்கள். பறை காய்ச்சுகிற கிழவரை அப்படி ஆக்க முடியாது. கையில் பறை இருக்கிறதே. பார்த்தவுடனே தெரு தெரிந்துவிடுகிறது. தகராறும் அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளிக் கூட்டத்தில் ஊர்க்காரர் ஒருவர், சாவு மோளத்தை ஸ்கூல் வாசலில் வைப்பதா என்றார். அதை எதிர்பார்த்தோம். எதிர்பாராதது நம் காலனிப் பெரியவர் எழுந்ததுதான். "எங்கப்பனுக்கு மோளம் அடிச்சதுக்கு நெல்லை எட்டநின்னு மொறத்துல கொட்டுனாங்க. அந்த அசிங்கம் வேணாம்னு நாங்க பறையக் கொளுத்துனோம், தம்பி. நீங்க அதையே சிமெண்டுல செஞ்சி வாசல்ல வைக்கிறீங்க. கோட்டு போட்ட அம்பேத்கர வைங்க."

இது லேசான வாதம் இல்லை. 90களில் நம் பத்திரிகைகளில் நாமே அடித்துக்கொண்ட விவகாரம். ஒருபக்கம் பறையடிக்க மாட்டோம் என்று அடி வாங்கிய கிராமங்கள். இன்னொரு பக்கம் திண்டுக்கல் சக்தி கலைக்குழு மாதிரி, தலித் பெண்கள் கையிலேயே பறையைக் கொடுத்து மேடையேற்றியவர்கள். மேடையில் பறையைக் கேட்டுச் சிலிர்த்துப்போகிற படித்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். பெரியவரின் அப்பன் வாங்கிய நெல்லை நான் தின்றதில்லை. அதனால் அவரிடம் வாயால் வாதாடத் தயக்கமாக இருந்தது. சிலையைக் காட்டித்தான் பேசினேன்.

இந்தக் கிழவர் அடிக்கவில்லை, பாருங்க. காய்ச்சுகிறார். அவரை இன்னும் யாரும் கூப்பிடவில்லை, சாவும் விழவில்லை. பார்வை தோல்மேல் இருக்கிறது, எசமான்மேல் இல்லை, நம்மேலும் இல்லை. சுருதி சரியாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கழுத்தைச் சாய்த்திருக்கிறார். தொழில் தெரிந்தவன் தன் கருவியோடு தனியாக இருக்கிற நேரம் அது. அடிமை வேலை அதற்கு அப்புறம்தான் வருகிறது. பையன் அந்த நேரத்தைப் பிடித்திருக்கிறான்.

பெரியவர் சிலையைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா வாணாம்" என்றார். அவரை நான் ஜெயிக்கவில்லை. அம்பேத்கர் சிலை பற்றியும் பேச்சு வந்தது. அனுமதி வேண்டும், கலவரம் வரும் என்றார்கள். நாட்டில் அம்பேத்கரைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்திவைத்திருப்பது நம் தமிழ்நாடு. "ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயும் கூண்டு போடுவீங்களா?" என்று வாத்தியார் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதுவும் விட்டுப்போயிற்று.

கடைசியில் பத்துச் சிலைகள் வாசலிலிருந்து சத்துணவுக்கூடம் வரைக்கும் வரிசையில். பதினோராவது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். எட்டுப் பசங்கள் கட்டையில் உருட்டி நகர்த்தியபோது மடியிலிருந்த சிண்டுகுச்சி உடைந்து, கம்பி வெளியே தெரிந்தது. மறுபடி கலவை போட்டுப் பூசலாம் என்றிருக்கிறார் வாத்தியார். பையன் கேட்கவில்லை. கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, மூங்கிலைச் சீவி நிஜக் குச்சியே செருகிவைத்திருக்கிறான். நான் போன அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு சின்னப் பொண்ணு அதை உருவி தண்ணீர்த் தொட்டியில் தட்டிக்கினு இருந்தது.