கேட்கப்படாத மகள்

மகள் மெலிகிறாள். வளை கழல்கிறது. தாய்க்கு என்ன நோயென்று பிடிபடவில்லை. கட்டுவிச்சியைக் கூப்பிட்டு முறத்தில் நெல் வைத்துக் கட்டுப் பார்க்கிறாள். வேலனைக் கூப்பிட்டுக் கழங்கு போடச் சொல்கிறாள். இரவில் களம் இழைத்து, மறி அறுத்து வெறியாட்டு நடக்கிறது. 'முருகு அணங்கியது' என்று பதிலும் வந்துவிடுகிறது. சங்க அகப் பிரதிகளில் திரும்பத் திரும்ப வருகிற சங்கதி இது.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நமக்குச் சுலபம். 'ஆதிச் சமயத்தின் எச்சம்' என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவது அதைவிடச் சுலபம். தாயின் தவிப்பு இரண்டிலும் காணாமல் போய்விடுகிறது. வேறு போக்கிடம் இல்லாதவள்தான் சாமியிடம் போகிறாள்.

ஆனால் அவள் யார் யாரிடம் கேட்கிறாள்? நெல்லிடம், கழங்கிடம், வேலனிடம். பக்கத்தில் படுத்திருக்கிற மகளிடம் கேட்பதில்லை. கேட்டாலும் வாய் திறக்க முடியாதபடி நாணமும் ஊரலரும் மகளைக் கட்டிப்போட்டிருக்கின்றன. அந்த மௌனம்தான் தெய்வம் பேசுவதற்கான இடமாகிறது.

இங்கேதான் தோழி குறுக்கே வருகிறாள். நற்றிணை 34ஆம் பாட்டில் (பிரமசாரி பாடியது) முருகனிடமே நேராகப் பேசுகிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்திருந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே, கடவுளாகவே இருந்தாலும் நீ விவரம் கெட்டவன்தான் என்கிறாள். சாமி இல்லையென்று அவள் வாதாடவில்லை. தாயைக் கேலி செய்யவுமில்லை. பொய்யான பதிலுக்குச் சாட்சியாக நிற்கிற அதிகாரத்தைத்தான் தட்டிக் கேட்கிறாள்.

நம்மாழ்வாரும் திருவாய்மொழியில் (4.6) இதே வெறிவிலக்கை எடுத்தாள்கிறார். பேசுவது அங்கேயும் தோழிதான். ஆனால் நோய்க்குக் காரணமாயிருந்த மலைநாட்டு ஆண் போய்விட்டான்; அவன் இடத்தில் திருமால். கள்ளும் இறைச்சியும் படைக்கிற வழிபாட்டை விடு, மாயவன் பேரைச் சொல் என்கிறாள் தோழி. பக்திக்கு இது பெரிய உயரம், மறுக்க முடியாது. ஆனால் தெய்வத்தைக் கடிந்துகொண்ட குரல் இப்போது இன்னொரு தெய்வத்துக்காகப் பரிந்து பேசுகிறது.

சாதி தாண்டிக் காதலித்தவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் இழுத்துப் போகிற வீடுகள் இன்றும் உண்டு. உடுக்கை அடித்தாகிறது, வேப்பிலை வீசியாகிறது, சாமியும் வழி சொல்லிவிடுகிறது. எந்தச் சாமி சரி என்றோ, சாமியே கிடையாது என்றோ நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடலாம். அந்த வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு தோழி.