கண்ணாடிச் சூரியனுக்கு ஒரு நகல்

1904 முதல், வானம் தெளிந்த நாள்களில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. கால்சியம் ஒளியிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளியிலும் எடுத்த படங்கள் அவற்றோடு சேர்ந்தன. கண்ணாடித் தகடுகளும் பிலிம்களுமாக ஒரு நூற்றாண்டுச் சூரியன் அந்த மலையில் சேர்ந்திருக்கிறது.

கண்ணாடி உடையும்; பூச்சில் கீறல் விழும், பூச்சு மங்கும். போன நாளின் சூரியனை மறுபடி படமெடுக்க வழியில்லை.

அதனால் இந்திய வானியற்பியல் நிறுவனம் மேற்கொண்ட மின்னாக்கப் பணி போற்றத்தக்கது. சீரான ஒளியைத் தகட்டின் பின்னாலிருந்து பாய்ச்சி, 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட சிசிடி கேமராவால் பதிவுசெய்தார்கள். இதில் அழகான நுணுக்கம் ஒன்று உண்டு. எதிரொளிக்கும் ஆடியில் பட்டுத் தொலைநோக்கிக்குள் விழும் சூரியப் பிம்பம் நேரம் செல்லச் செல்லச் சுழலும். எடுத்த நேரம் தெரிந்தால்தான் சூரியனின் வடக்கு எது என்று கணக்கிட முடியும். நேரக் குறிப்பு பிழையானால் படம் இருந்தும் ஆய்வு தடுமாறும். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தப் பிழைகளையும் தேடித் திருத்தினார்கள்.

சொந்த சர்வரில் விக்கி மென்பொருளான மீடியாவிக்கியை நடத்துவோருக்கும் இதே நியாயம்தான்: எல்லாப் பகுதிகளும் சேர்ந்திருந்தால்தான் பயன். பக்கங்களும் திருத்த வரலாறும் தரவுத்தளத்தில் இருக்கும். ஏற்றிய படங்கள் தனிக் கோப்புறையில். அமைப்புகள் வேறொரு கோப்பில். ஒன்று விடுபட்டாலும் மீட்பு குறைப்படும்.

ஊர் வரலாற்றை விக்கியில் சேர்ப்பவர்களே, மூன்றையும் நகலெடுங்கள். வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டும் பாருங்கள்.