27 ஓட்டங்களின் பெறுமதி

புதிதாக வந்த சுழற்பந்து வீச்சாளரை எடைபோடுகிறவர்கள் முதலில் விக்கெட் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். இதற்காக முன்னேஸ்வரம் கோயிலடியிலிருந்து சிலாபம் பட்டணம் வரை பலரோடு வாதிட்டிருக்கிறேன். கிரிக்கெட் பேச்சுக்குப் பஞ்சமில்லாத பக்கம் இது. ஊர்ப்பெயரைத் தாங்கிய சிலாபம் மேரியன்ஸ் கழகம் முதல்தரப் போட்டிகளில் ஆடுகிறது. தென்னந்தோட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் வெறும் நிலத்தில் பொடியன்கள் மென்பந்து அடிக்கிறார்கள். 2024 மே மாதம் யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவர் ஐபிஎல்லில் ஆடினார் என்றதும் தேநீர்க்கடையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “விக்கெட் எத்தனை?” ஒன்றும் இல்லை என்றதும் பேச்சு தேங்காய் விலைக்குப் போய்விட்டது.

எனக்கு மனம் ஆறவில்லை. அந்த மே 8ஆம் திகதி ஹைதராபாத்தில், சன்ரைசர்ஸ் அணிக்காக அந்தப் பையன், விஜயகாந்த் வியாஸ்காந்த், வீசிய 4 ஓவர்களில் போனது 27 ஓட்டங்கள். லக்னோ அணி மொத்தம் எடுத்தது 165. புவனேஷ்வர் குமார் தன் 4 ஓவர்களில் 12 ஓட்டங்களே கொடுத்து 2 விக்கெட்டை எடுத்தார். அது வேறு உயரம். அந்த இருவரையும் கழித்துவிட்டால் மற்றவர்களின் 12 ஓவர்களில் போனது 126. அணித்தலைவர் பட் கம்மின்ஸ் 47 கொடுத்தார், நடராஜன் 50 கொடுத்தார். கம்மின்ஸின் ஏல விலை 20.5 கோடி இந்திய ரூபாய், நடராஜனுடையது 4 கோடி. வியாஸ்காந்தின் விலை 50 இலட்சம். பிறகு அதே ஆடுகளத்தில் டிராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் விக்கெட் இழப்பின்றி 9.4 ஓவர்களில் கதையை முடித்தார்கள், ஓவருக்குப் பதினேழுக்கு மேல். பந்துவீச்சாளருக்கு இரக்கம் காட்டாத அப்படியொரு இரவில் ஓவருக்கு ஏழுக்கும் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போவது சின்ன விஷயமா?

ஆனால் ரசிகன் வக்கீலாகிவிடக் கூடாது. நடராஜனும் கம்மின்ஸும் கடைசி ஓவர்களை வீசினார்கள், நிக்கலஸ் பூரனும் ஆயுஷ் பதோனியும் நிலைகொண்டு விளாசிக்கொண்டிருந்த நேரத்தில். அந்தப் பருவத்தில் சன்ரைசர்ஸுக்கு அதிக விக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் நடராஜன்தான். ஓவர் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்காமல் ஓட்டத்தை மட்டும் ஒப்பிடுவது, விக்கெட்டை மட்டும் எண்ணுவதைப் போலவே அரைகுறை வேலை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். வியாஸ்காந்த் வீசும் லெக் ஸ்பின் என்பது உடம்பு இயல்பாகச் செய்ய விரும்பாத வேலை. மோதிர விரல் பந்தின் தையலை இழுத்துவிட, மணிக்கட்டு கடைசிக் கணத்தில் புரள வேண்டும். கூக்ளிக்கு அது இன்னும் ஒரு சுற்று கூடப் புரண்டு, புறங்கை துடுப்பாட்ட வீரரைப் பார்த்தபடி பந்து வெளியேற வேண்டும். விரலில் துளி வியர்வை கூடினால் பந்து இடுப்பளவு உயரத்தில் இலவசமாகப் போய் விழும். பழைய டெஸ்ட் காலத்து லெக் ஸ்பின்னர் பந்தை மேலே மிதக்கவிட்டு ஆசை காட்டுவார். இருபது ஓவர் ஆட்டத்தில் அந்தப் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் கிடைக்கும். வியாஸ்காந்த் இந்தக் காலத்துப் பிள்ளை: வேகமாக, தாழ்வாக, ஸ்டம்பை நோக்கி வீசி, கூக்ளியை நம்புகிறவர். அவரிடம் நான் தேடுவது பெரிய சுழலை அல்ல. ஒரு பந்து அடிபட்ட பிறகு அடுத்த பந்து எங்கே விழுகிறது என்பதைத்தான். பதறுகிறவன் அதைக் குட்டையாகப் போடுவான், பின்காலில் நின்று வெட்டி ஆட வசதியாக. கலை கைவந்தவன் அதே இடத்தில் இன்னொரு முறை போடுவான்.

இந்தத் துணிவு ஹைதராபாத்தில் திடீரென்று முளைக்கவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர் அவர். 2020 டிசம்பர் 4ஆம் திகதி ஹம்பாந்தோட்டையில், பத்தொன்பது வயதாக ஒரு நாள் இருக்கும்போது ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக எல்பிஎல்லில் இறங்கினார். முதல் விக்கெட் அஞ்சலோ மெத்யூஸ். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஆடினார். வங்கதேச லீக், வளைகுடா லீக் ஆகியவற்றிலும் ஆடினார். இலங்கையின் இன்னொரு லெக் ஸ்பின்னர் வனிந்து ஹசரங்க குதிகால் காயத்தால் விலகியபோது சன்ரைசர்ஸ் இவரை அழைத்தது.

ஹசரங்கவின் விலைப்பட்டியலே ஒரு பாடம். 2022இல் பெங்களூர் அவருக்குக் கொடுத்தது 10.75 கோடி, அந்தப் பருவத்தில் 26 விக்கெட். 2024 பருவத்துக்கு அவர் போனது 1.5 கோடிக்கு. கலை அவ்வளவு தூரம் தேயவில்லை, சந்தையின் பசிதான் மாறியது. நம் சிலாபத்து மீன் ஏலத்திலும் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் ஒருவர், விலையை ஏற்றுகிறவர் இன்னொருவர். சென்னையின் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பர் ஏலத்தில் 20 இலட்சத்திலிருந்து 8.4 கோடிக்கு ஏற்றினார்கள். அவருடைய முதல் ஐபிஎல் ஓவரில் போனது 25 ஓட்டங்கள். அந்தப் பருவத்தில் ஒரே ஆட்டம். அடுத்த ஏலத்தில் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துப் பொறுமை காத்தது; 2025இல் அதே ஆளை 12 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. அந்த 25 ஓட்ட ஓவரை மட்டும் பார்த்தவர்கள் அவரைக் கழித்துக் கட்டியிருப்பார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் இந்தச் சூதாட்டத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதியவர் எத்தனையாவதாகத் தெரிவானார் என்பதை வைத்தே சம்பளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பூக்கா நக்குவா என்ற ஓடிப் பிடிக்கும் ஆட்டக்காரர், அதாவது வைட் ரிசீவர், 2023இல் 177ஆவதாகத் தெரிவானவர். முதல் பருவத்திலேயே 105 பந்துகளைப் பிடித்து 1,486 யார் கடந்து, புதியவர்களுக்கான சாதனைகளை உடைத்தார். ஆனாலும் மூன்று பருவங்கள் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்த வழியில்லை. அணிக்குக் கொள்ளை லாபம்; ஆட்டக்காரனுக்கு அநியாயம் என்பேன். நம் பக்க ஏலத்தில் அநியாயம் இரண்டு திசையிலும் நடக்கும், அவ்வளவுதான்.

வியாஸ்காந்துக்கு அது கீழ்த்திசையில் நடந்தது. மூன்று ஆட்டங்கள், ஒரு விக்கெட். 2025 பருவத்தில் எந்த அணியிலும் அவர் பெயர் இல்லை. இதில் திறமையைவிடக் கணக்குக்குப் பங்கு அதிகம். பதினொருவரில் நான்கு வெளிநாட்டவருக்குத்தான் இடம். சன்ரைசர்ஸில் ஹெட், கிளாசன், கம்மின்ஸ் மூவரும் அசையாத தூண்கள். எஞ்சிய ஒரு நாற்காலிக்கு, விளாசவும் தெரிந்த ஹசரங்க மாதிரி ஒருவர் வந்தால் வெறும் பந்துவீச்சாளர் பின்னுக்குப் போவார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை இந்தியக் கடவுச்சீட்டோடு பிறந்திருந்தால் கதையே வேறு. என்னை ஏல மேசையில் உட்காரவைத்தால் ஒரு கோடி வரை அட்டையைத் தூக்குவேன். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், ஏழாவதாக இறங்கி இரண்டு சிக்ஸர் அடித்துக் காட்டட்டும்.