மடையிலிருந்து அடுக்களை வரை: நாஞ்சில் நாட்டு ஊரை எப்படி ரசிப்பது?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், சுசீந்திரத்தில் கும்பிடுகிறார்கள், ஊர் திரும்பிவிடுகிறார்கள். பஸ் ஜன்னலில் வந்துபோகும் வயலும் தென்னையும் நீல மலையும் செல்போனில் நாலு படங்களோடு முடிந்துவிடும். அந்தப் பச்சைக்குள் இறங்கி, தாழக்குடி, தெரிசனங்கோப்பு, இறச்சகுளம் மாதிரி ஓர் ஊரில் அரைநாள் சும்மா நடந்து பாருங்கள். கோயில், தெரு, குளம், வயல் தவிர எதுவும் இல்லையே என்று முதலில் தோன்றும். தண்ணீர் போகும் திசையிலேயே நடந்தால் ஊர் பிடிபடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த இந்த நாஞ்சில் நாட்டில் வீடு எங்கே நிற்க வேண்டும், கோயில் கொடை எந்த மாதம் வர வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானித்தது தண்ணீர்தான்.

குளக்கரையில் தொடங்குங்கள்

விடிந்ததும் கரையில் ஏறி நில்லுங்கள். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். கரைக்கு அடியில் இருக்கும் மடையையும், நிறைந்தால் நீர் வெளியேறும் மறுகாலையும் தேடிப் பாருங்கள். மறுகால் நீர் வீணாகப் போவதில்லை. கால்வாயில் ஓடி அடுத்த ஊர்க் குளத்தில் சேரும். மேட்டிலுள்ள ஊரின் மிச்சம் பள்ளத்திலுள்ள ஊருக்கு வரவு. இந்தக் குளங்களுக்கெல்லாம் முதுகெலும்பு, மணக்குடியில் கடல் சேரும் பழையாறு. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்று நீரையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைப்பக்கம்தான் இருக்கிறது.

சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) வங்கக் கிராமத்துக் குளமொன்றில் நீர்மேல் ஓடும் பூச்சிகளை அவசரமே இல்லாமல் காட்டுவார். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும். தேரூர்க் குளக்கரையில் கால்மணி நேரம் அசையாமல் நின்றால் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் உங்களை மறந்துவிட்டுத் தம் வேலைக்குப் போகும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை.

எந்த மாதம் வரலாம்?

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். அதனால் இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள். பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். ஜூனில் வந்தால் கன்னிப்பூ நடவும் சாரலும். ஆகஸ்ட், செப்டம்பரில் அதன் அறுப்பு. அது முடிந்த வேகத்தில் அடுத்த நடவு. பிப்ரவரி, மார்ச்சில் கும்பப்பூ அறுப்பு. வரப்பில் நடக்கும்போது எங்கே நீர் கட்டியிருக்கிறது, எங்கே வடித்துவிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பயிரின் வயது அதிலேயே தெரிந்துவிடும்.

படிப்புரையில் பேச்சு

தெருவுக்குள் வந்ததும் ஒரு வீட்டுப் படிப்புரைத் திண்ணையிலிருந்து குரல் கேட்கும்: "எங்க இருந்து வாறீரு? யாருக்க வீட்டுக்கு?" வேவு பார்ப்பதல்ல, அதுதான் இங்கே வரவேற்பு. யார் வீட்டுக்கும் இல்லை, ஊர் பார்க்க வந்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டு, "இந்த வருசம் தண்ணி எப்படி?" என்று கேளுங்கள். அணை மட்டம், கடைமடைச் சண்டை, யூரியா விலை, மகன் வேலை பார்க்கும் துபாய் வரை பேச்சு தானாக ஓடும். காது கேலியிலும் இருக்கட்டும். இந்த ஊர்க்காரர்கள் சிரிக்காமல் கேலி செய்வார்கள். பாராட்டா கிண்டலா என்று தெரிவதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார்கள்.

இலையின் முன்

சாப்பிட அழைத்தால் மறுக்காதீர்கள். வயலுக்கு மேலே மேட்டில் விளை என்னும் தோப்பு, அங்கிருந்து தேங்காய். அதை எப்படி அரைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நாஞ்சில் சமையல் இருக்கிறது. அவியலுக்குப் பச்சையாகச் சீரகத்தோடு. தீயலுக்குச் சிவக்க வறுத்து மையாக. துவரனுக்கு ஒன்றிரண்டாக அரைத்து. ஒரே இலையில் மூன்றும் வந்தால் கலந்து பிசையாமல் தனித்தனியே ருசியுங்கள். கடைசியில் ஒரு மட்டிப்பழம். விரல் நீளம்தான், மணம் பெரிது.

கொடை இரவு

வயல் காய்ந்து கையில் நெல்லோ காசோ இருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை. கொடையில் பாடும் வில்லுப்பாட்டைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முதலில் குடத்தின் தாளத்தைப் பிடியுங்கள். பிறகு வீசுகோல் பட்டு வில்மணி குலுங்குவது தனியாகக் கேட்கும். பல கதைகள் சாமியின் பிறப்பிலிருந்து மரணத்தை நோக்கிப் போகும். நள்ளிரவில் கதை உச்சத்தை நெருங்கும்போது தாளம் முறுகும், சாமியாடிக்கு அருள் வரும். அந்த நேரத்தில் செல்போனை உள்ளே வையுங்கள்.

அழகு மட்டும் போதாது

இந்தத் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுபோல் ஓடியதில்லை. யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில், அய்யா வைகுண்டர் (1809-1851) சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் நீர் எடுக்க முத்திரிக் கிணறு கண்டார். ஊர் பார்க்கிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வையும் பார்க்க வேண்டும். பெரிய தெருவோடு நின்றுவிடாமல் கடைசித் தெரு வரை போங்கள். குளத்துக்கும் அந்தத் தெருவுக்கும் எவ்வளவு தூரம் என்று கவனியுங்கள்.

வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் வீட்டு மனையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. நடவுக்கு ஆள் குறைவு, அறுப்புக்கு இயந்திரம். புதிய மனைகளைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்ப வேண்டாம். அங்கே நின்று, ஐப்பசி மழைக்கு எந்தத் தெருவில் தண்ணீர் கட்டும் என்று ஒரு பெரியவரிடம் கேளுங்கள். அவர் காட்டும் தெரு அநேகமாகப் பழைய வயலாகவோ கால்வாயாகவோ இருந்திருக்கும். நிலம் பத்திரத்தில் மாறினாலும் மழை பழைய வழியில்தான் வருகிறது. அதைக் கண்டுகொண்டீர்கள் என்றால் உங்களுக்கு ஊர் பார்க்கத் தெரிந்துவிட்டது.